தோற்றால் விழா

எங்கள் நிறுவனத்தில் எந்த முடிவையும் யாரும் எடுப்பதில்லை. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் பனி கொட்டிக் கிடக்குமே, அது மாதிரி முடிவும் கிடக்கும். யார் கொட்டினார்கள் என்று கேட்பவன் முட்டாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

உராபே தொமோயே பேட்மிண்டனை விட்டு விலகுகிறாள் என்ற முடிவும் அந்த நவம்பரில் அப்படித்தான் வந்து கிடந்தது. பொதுப்பிரிவுத் தலைவர் கசாமா எங்கள் மேசைகளைச் சுற்றி வந்து, ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில் சொன்னார்:

"உராபே இந்த வருஷத்தோட போதும்னு இருக்காங்க. அவங்களா வாயைத் திறக்கற வரைக்கும் யாரும் கேட்டுறாதீங்க. மனசு கஷ்டப்படும்."

நாங்கள் கேட்கவில்லை. எங்கள் தொயாமா ஊர் ஜனங்கள் நாகரிகமானவர்கள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. நானும் தொமோயேவும் ஒரே ஏப்ரலில், பதினெட்டு வயதில், ஒரே மாதிரி கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு இந்த மாருகிஷி கமாபோகோ நிறுவனத்தில் சேர்ந்தவர்கள். அவள் மட்டை பிடிக்க வந்தாள், நான் தொலைபேசி பிடிக்க வந்தேன். பதினான்கு வருஷமாக மதியச் சாப்பாட்டை எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். விலகுகிறவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லாதவளிடம் நானாகப் போய்க் கேட்பதா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

"என்னடி இவா, பல்வலியா?" என்றாள் தொமோயே. என் பெயர் இவாஷிதா. அதில் பாதியோடு நிறுத்திக்கொள்வது அவள் வழக்கம்.

"ஒண்ணுமில்ல."

"அப்போ அந்த முட்டைய எனக்குக் குடு."

விலகுகிறவள் சாப்பிடுகிற சாப்பாடாகவே அது இல்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மீன் விழுதைச் சின்னப் பலகையில் அப்பி ஆவியில் வேகவைப்பதுதான் எங்கள் தொழில்; அதுதான் கமாபோகோ. வெள்ளையில் ஒன்று, மேலே சிவப்புப் பூசியதில் ஒன்று. ஊரில் கல்யாணம் என்றால் சங்கரா மீன் வடிவத்தில், கண், செதிள், வால் எல்லாம் வைத்து, குழந்தை அளவுக்கு ஒன்று செய்து கொடுப்போம். இப்படிப்பட்ட நிறுவனத்துக்குப் பெண்கள் பேட்மிண்டன் அணி எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். போட்டி நிறுவனம் ஒன்று கைப்பந்து அணி வைத்திருந்தது, அதற்காக. நிறுவனத் தலைவர் கிஷிதானி மட்டும் இதற்குத் தத்துவம் வைத்திருந்தார். கமாபோகோவின் மீள்தன்மைக்கு எங்கள் தொழிலில் 'கால்' என்று பெயர். "கமாபோகோவுக்கும் கால்தான் முக்கியம், பேட்மிண்டனுக்கும் கால்தான் முக்கியம்!" என்று ஒவ்வொரு ஏப்ரலிலும் புது ஆட்களை வரவேற்கும்போது சொல்லுவார். சொல்லிவிட்டு நிறுத்துவார். நாங்கள் சிரிப்போம். பதினான்கு ஏப்ரலாகச் சிரித்திருக்கிறேன்.

தொமோயே இரட்டையர் ஆட்டக்காரி. காலையில் தரப்பிரிவில் கமாபோகோவை அமுக்கிப் பார்ப்பாள், மதியத்துக்குமேல் ஆடுவாள். முதல் ஜோடியோடு பத்து வருஷம் ஆடினாள். சோனோபே என்று பெயர் அவளுக்கு. பின்னால் நின்று அடிப்பவள். தொமோயே முன்னால் வலையருகே. நாட்டில் மூன்றாம் இடம் வரைக்கும் வந்தார்கள். ஜகார்த்தாவில் ஒருமுறை உலகத்தின் நாலாம் ஜோடியைத் தோற்கடித்துவிட்டு, மறுநாள் முதுகுப் பிடிப்பால் யாரென்றே தெரியாத ஜோடியிடம் தோற்றார்கள். பிறகு சோனோபேவுக்குக் கல்யாணம் ஆனது. சங்கரா மீனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அதே வருஷம் தொமோயேவின் முழங்காலில் கத்தி வைத்தார்கள். முழங்கால் கட்டோடு திரும்பி வந்தவளிடம், கிஜிமா நொனோகா என்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணைக் கொடுத்தார்கள். கன்றுக்குட்டி மாதிரி ஓடுவாள், கன்றுக்குட்டி மாதிரியே முட்டிக்கொள்வாள். "சின்னவளை வளர்த்துவிடணும்" என்றார்கள். எங்கள் ஊரில் இதற்கு அர்த்தம், நீ முடிந்துவிட்டாய் என்பது.

டிசம்பரில் டோக்கியோவில் தேசியப் போட்டி. அட்டவணை வந்தது. முதல் ஆட்டமே நாட்டின் இரண்டாம் ஜோடியோடு. கசாமாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியாம்மா இவாஷிதா, தெய்வமே ஏற்பாடு பண்ணுது! முதல் நாளே முடிஞ்சுரும். தலைவருக்கும் அந்த ஒரு நாள்தான் ஒழியுது."

டிசம்பர் எங்களுக்கு அறுவடைக்காலம். புத்தாண்டுக்கு ஜப்பான் முழுக்கச் சிவப்பும் வெள்ளையும் தின்னும். அலுவலகத்தில் இருப்பவர்கள்கூடத் தொப்பி மாட்டிக்கொண்டு பொட்டலம் கட்டுவோம். அதற்கு நடுவில் தலைவர் ஒரு நாளை ஒதுக்கியிருக்கிறார் என்றால் அது சாதாரண நாளா? அரங்கத்தில் ஒரு கூட்ட அறை பிடித்தோம். 'உராபே தொமோயே, பதினான்கு ஆண்டுகள், நன்றி!' என்று நீளமான துணி எழுதினோம். பூங்கொத்து, உள்ளூர்ப் பத்திரிகை நிருபர், உள்ளூர் டிவி காமிரா, ஆலையில் விசேஷமாகச் செய்த சங்கரா மீன், தலைவரின் உரை. உரையைக் கசாமா எழுதினார். 'வெற்றி தோல்வி என்பது வெறும் மாயை. செர்ரிப்பூ உதிர்வதைப் போல் உதிர்பவரே வீரர்' என்று ஆரம்பித்தது. விழா முடிந்ததும் தொமோயே 'கமாபோகோ தூதர்' ஆவாள் என்று அறிவிப்பும் உண்டு. அதாவது, பெரிய கடைகளில் குறுக்கே பட்டை அணிந்து நின்று, குச்சியில் குத்திய துண்டுகளை நீட்ட வேண்டும்.

விழாவைத் தொகுப்பவள் நான்.

அன்று காலை அரங்கத்தில் துணியைக் கட்டிக்கொண்டிருந்தேன். உடற்பயிற்சி செய்துகொண்டே அந்தப் பக்கம் வந்த தொமோயே நின்றாள். ஒருமுறை படித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"இவா. இது யாருடி?"

"நீதான்."

"நான் எங்க போறேன்?"

ஏணியிலிருந்து இறங்கினேன்.

"நீ சொல்லலியா? விலகறேன்னு?"

"யார்கிட்ட?"

அதுதான் கேள்வி. யாரிடம்? அங்கேயே நின்று இரண்டு பேரும் நூலைப் பிடித்துக்கொண்டு போனோம். அக்டோபரில் கசாமா சாப்பாட்டுக்கூடத்தில் அவளிடம், "உங்க எதிர்காலத்தைப் பத்தியும் கொஞ்சம் யோசிக்கலாமே" என்றிருக்கிறார். "நல்லா யோசிக்கிறேன் சார்" என்றிருக்கிறாள் இவள். எங்கள் நாட்டில் 'நன்றாக யோசிக்கிறேன்' என்றால் முடியாது என்று அர்த்தம். நகல் இயந்திரம் விற்க வருபவனிடம் கசாமாவே வாரா வாரம் அதைத்தான் சொல்லி அனுப்புகிறார். ஆனால் கீழே இருப்பவள் மேலே பார்த்துச் சொன்னால், அது சரி என்று காதில் விழுந்துவிடுகிறது. கசாமா பயிற்சியாளர் ஒனோதெராவிடம், "உராபே விஷயம் உங்களுக்குத் தெரியுமில்ல?" என்றிருக்கிறார். ஒனோதெரா "ம்" என்றிருக்கிறார். அந்த மனிதர் எதற்கும் அதைத்தான் சொல்வார். கோச்சே பேசிவிட்டார் என்று கசாமா நினைக்க, கசாமா பேசிவிட்டார் என்று கோச் நினைக்க, தலைவர் காதுக்குப் போய், அவர் "நல்ல முடிவு" என்று சொன்ன நொடியில் அது முடிவாகவே ஆகிவிட்டது.

"நீயாவது கேட்டிருக்கலாமேடி!"

"நீ சொல்லலைன்னு கோவமா இருந்தேன்."

"பல்வலின்னு நினைச்சு முட்டைய வேற புடுங்கித் தின்னேன்!" தொமோயே சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. "இவா, எனக்கு இப்பத்தான் ஆட்டமே புரிய ஆரம்பிச்சிருக்கு. பத்து வருஷம் நான் பாட்டுக்கு முன்னாடி நின்னேன். இந்தப் பொண்ணுகூட ஆடறப்பதான் பின்னாடியும் ஒரு கோர்ட்டு இருக்குன்னே தெரியுது. இப்பப் போய்க் குச்சியில கமாபோகோ நீட்டச் சொன்னா?"

"போய்ச் சொல்லிடு."

"யார்கிட்ட?"

வாசலில் தலைவர் வந்து இறங்கிக்கொண்டிருந்தார். ரயிலில் வந்த களைப்பு. கையில் உரை. பின்னால் ஆலை மேற்பார்வையாளர், சங்கரா மீன் பெட்டியைச் சவப்பெட்டி மாதிரி மரியாதையாகத் தூக்கிக்கொண்டு. நிருபர் தலைவணங்கிக்கொண்டிருந்தார். இந்த ஊர்வலத்தின் முன்னால் போய், 'மன்னிக்கணும், நான் விலகலை' என்று சொல்லும் பெண் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

தொமோயே அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விழா எப்போ?"

"நீ தோத்ததும்."

"தோக்கலைன்னா?"

"நிகழ்ச்சி நிரல்ல அது இல்ல."

"சரி." முழங்கால் பட்டையை இழுத்து இறுக்கினாள். "அப்போ தோக்கல."

இதைச் சொல்வது சுலபம். பெண்கள் இரட்டையர் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு புள்ளிக்குள் ஒரு பஞ்சாயத்தே நடத்தி முடிக்கலாம். அடித்தால் எடுப்பார்கள், எடுத்ததை அடிப்பார்கள், இறகுப்பந்து சோர்ந்தாலும் பெண்கள் சோர மாட்டார்கள். தொமோயே அன்று முடிவான ஒரு காரியம் செய்தாள். ஒன்றையும் முடிக்கவே முடிக்கவில்லை. எதிரி எதை அடித்தாலும் உயரமாகத் தூக்கித் திருப்பிக் கொடுத்தாள். "நொனோ, பின்னாடி போ! நான் இருக்கேன், நீ ஓடு!" என்று கத்தினாள். கன்றுக்குட்டி ஓடியது. நாட்டின் இரண்டாம் ஜோடி முதலில் எரிச்சலானது, பிறகு களைத்தது, பிறகு வலையில் அடித்தது.

பார்வையாளர் பகுதியில் நாங்கள் பிளாஸ்டிக் கிலுக்குகளோடு உட்கார்ந்திருந்தோம். கசாமா என் காதருகே குனிந்தார்.

"ஏம்மா, எவ்வளவு நேரம் இழுப்பாங்க? கூட்ட அறை நாலு மணி வரைக்கும்தான்."

"கத்தறதை நிறுத்தச் சொல்லட்டுமா சார்?"

"சேச்சே! நம்ம அணி. கத்தணும். ஆனா…" மீதியை விழுங்கிவிட்டு, "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று கிலுக்கை ஆட்டினார். கண்ணில் ஒரு பிரார்த்தனை தெரிந்தது. எந்தப் பக்கத்துப் பிரார்த்தனை என்று நான் பார்க்கவில்லை.

தலைவர் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காமிரா அவர் பக்கமும் திரும்பும் என்பதால் எழுந்து கழிப்பறைக்குப் போக முடியவில்லை. மூன்றாம் செட்டில் அவர் முழங்கால்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டன. உராபே ஜெயித்த நொடியில் அரங்கத்திலேயே முதலில் எழுந்து ஓடியவர் அவர்தான். நிருபர் அதை 'உணர்ச்சிவசப்பட்ட தலைவர்' என்று எழுதினார்.

மறுநாளுக்கு எல்லாம் தள்ளிவைக்கப்பட்டது. பூங்கொத்து வாடியிருந்தது, புதிது வாங்கினோம். நேற்றைய மீன் இன்றைய விழாவுக்கு ஆகாது என்று மேற்பார்வையாளர் பிடிவாதம் பிடித்தார். பழைய மீனை விடுதி அறையில் எல்லோரும் தின்றோம். முதல் ரயிலில் புது மீன் வந்தது. உரையில்தான் சிக்கல். 'வெற்றி தோல்வி வெறும் மாயை' என்பது நாட்டின் இரண்டாம் ஜோடியை வென்றவளுக்கு ஒத்துவரவில்லை. கசாமா அதை 'வெற்றியே நம் நிறுவன மரபு' என்று திருத்தினார். உதிர்கிற பூவை மட்டும் விட மனசில்லை, வைத்துக்கொண்டார்.

மறுநாளும் அவர்கள் ஜெயித்தார்கள். அன்று மாலை நாங்கள் இரண்டாவது மீனையும் தின்றோம்.

நொனோகா என்னைத் தனியாகப் பிடித்தாள். "இவாஷிதா அக்கா, அந்த விழா நெஜமாவே தொமோயே அக்காவுக்குத்தானா? எனக்கு யாரும் சொல்லவே இல்லீங்க."

"அவளுக்கே யாரும் சொல்லலம்மா. நீ வரிசையில அப்புறம்தான்."

"அக்கா போயிட்டா நான் யாரோட ஆடறது? என்கூட ஆடறவங்களுக்குப் பொறுமை வேணுங்க. நான் மட்டையாலயே அக்கா நெத்தில ரெண்டு தடவ அடிச்சிருக்கேன்." அவள் கண் கலங்கியது. "இதையெல்லாம் வேற யாரு தாங்குவாங்க?"

காலிறுதியில் அவள் ஆடியதைப் பார்த்தால் மட்டை பிடித்த கை என்று சொல்ல முடியாது. வீடு தீப்பிடித்தவள் சாமான் எறிவது மாதிரி எறிந்தாள். அதிலும் ஜெயித்தார்கள். தலைவருக்கு ஆலையிலிருந்து தொலைபேசி மேல் தொலைபேசி. பொட்டலம் கட்ட ஆள் போதவில்லை, பொட்டலம் கட்டுகிறவர்களில் பாதிப் பேர் இங்கே கிலுக்கு ஆட்டிக்கொண்டிருக்கிறோம். இருந்தும் அவர் திரும்பிப் போகவில்லை. போனால் உரை வீணாகிவிடும். அதற்குள் உரை எட்டுப் பக்கம் ஆகியிருந்தது. 'எங்கள் உராபேவை நான் ஆரம்பத்திலேயே அடையாளம் கண்டேன்' என்பதெல்லாம் சேர்ந்திருந்தது.

அரையிறுதியில் தோற்றார்கள்.

கேவலமான தோல்வி இல்லை. மூன்றாம் செட்டு, இருபதுக்கு இருபது வரை போனது. எதிரணி இருபத்தொன்று எடுத்த பின் ஒரு இறகுப்பந்து இரண்டு பேருக்கும் நடுவில் மெதுவாக இறங்கியது. அக்கா எடுப்பாள் என்று தங்கை விட்டாள், தங்கை எடுப்பாள் என்று அக்கா விட்டாள். நிச்சயதார்த்தத்தில் முதன்முதலாகப் பார்த்துக்கொள்கிற மாப்பிள்ளையும் பெண்ணும் போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டது. ஆட்டம் முடிந்தது.

என் பக்கத்தில் கசாமா நீளமாக மூச்சு விட்டார். "சரி, கிளம்புங்க. அறை திறந்திருக்கா பாரு."

வியர்வை காயாத தொமோயேவை அப்படியே கூட்டிக்கொண்டு வந்து துணியின் கீழே நிறுத்தினார்கள். எதிரே அறுபது ஊழியர்கள் வரிசையில் நின்றார்கள். காமிரா சுழன்றது. நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டேன். நிரலில் வரிசையாக: தலைவர் உரை, பூங்கொத்து, உராபே உரை, கைதட்டல், தூதர் அறிவிப்பு, மீன் வெட்டுதல்.

தலைவர் எட்டுப் பக்கத்தையும் படித்தார். பூ இரண்டு தடவை உதிர்ந்தது. 'கால்' பற்றிய நகைச்சுவை வந்தபோது நிறுத்தினார், சிரித்தோம். தொமோயே தலை குனிந்து நின்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவணங்கிவிட்டு, 'இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றி' என்று சொன்னால் போதும். எல்லோருக்கும் நிம்மதி. ஏப்ரலில் கடையில் நின்று குச்சி நீட்டுவாள். அப்படி நின்றவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் யாரும் கெட்டுப்போய்விடவில்லை, ஆனால் யாரும் மட்டை பிடிப்பதில்லை.

பூங்கொத்தை வாங்கிக்கொண்டாள். ஒலிவாங்கியை அவளிடம் நீட்டினேன்.

"தலைவர் ஐயாவுக்கும், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு பெரிய ஏற்பாடு. நாலு நாள் காத்திருந்தீங்க, மன்னிக்கணும்." முதுகு வளைத்து வணங்கினாள். நிமிர்ந்தாள். "அதனால சொல்றதுக்குக் கஷ்டமா இருக்கு. நான் விலகல. விலகறேன்னு யார்கிட்டயும் சொல்லவும் இல்ல. அடுத்த வருஷமும் ஆடணும்னு ஆசைப்படறேன். இந்தப் பொண்ணுகூட. தயவு செஞ்சு அனுமதிக்கணும்."

மறுபடி வணங்கி, அப்படியே குனிந்து நின்றாள்.

அறுபது பேரும் தலைவரைப் பார்க்கவில்லை. தலைவரைப் பார்க்காமல் இருக்கும் வித்தை எங்களுக்கு வரும். தலைவர் கசாமாவைப் பார்த்தார். கசாமா கோச்சைப் பார்த்தார். கோச் "ம்" என்றார். கசாமா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே, ஏதாவது பண்ணு, நிரலைப் பார்த்து அடுத்ததைப் பண்ணு என்றார்.

நிரலில் அடுத்தது கைதட்டல்.

எங்கள் நிறுவனத்தில் கைதட்டல் என்பது சாதாரண விஷயம் இல்லை. ஒவ்வொரு ஜூனிலும் பங்குதாரர் கூட்டத்தில் தலைவர் தீர்மானத்தைப் படிப்பார், "ஏற்பதானால் கைதட்டுங்கள்" என்பார், முன்வரிசையில் உட்கார வைக்கப்பட்ட ஊழியர்களாகிய நாங்கள் தட்டுவோம், அதோடு அது சட்டம். தட்டியபிறகு எந்தத் தீர்மானமும் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. எங்களுடைய கைகள் அதற்காகவே பழக்கப்பட்டவை.

ஒலிவாங்கியைத் தொமோயேவின் கையிலிருந்து வாங்கினேன். ஜூன் மாதத்துக் குரலில் சொன்னேன்:

"உராபே அவர்களின் வேண்டுகோளை ஏற்பதானால், கைதட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

முதலில் நொனோகா தட்டினாள், கை முறிகிற மாதிரி. அடுத்த நொடியில் அறுபது ஜோடிக் கைகள். யோசித்துத் தட்டியவர்கள் பாதி, யோசிக்காமல் தட்டியவர்கள் பாதி; சத்தம் ஒன்றுதான். கசாமாவும் தட்டினார். பிறகு பார்த்தேன், தலைவரும் தட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருஷப் பழக்கம். பாதியில் அவருக்கே தெரிந்து கை நின்றது. அதற்குள் காமிரா அவரைப் பிடித்துவிட்டது.

"ஏற்கப்பட்டது" என்றேன்.

கிஷிதானியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்று தலைமுறையாக நிறுவனம் நடத்துகிறவர்கள் காற்று திரும்புவதை முதுகாலேயே உணர்ந்துவிடுவார்கள். நிருபர் ஒரு கேள்வி கேட்பதற்குள் அவர் தொமோயேவின் தோளில் கை வைத்திருந்தார். "பாத்தீங்களா? இந்த ஒரு வார்த்தை இவ வாயிலேர்ந்து வரணும்னுதான் இவ்வளவும் ஏற்பாடு பண்ணினேன். நெருப்புல போட்டாத்தானே இரும்பு தெரியும்!" நிருபர் எழுதிக்கொண்டார். கசாமா ஓடி வந்து, "ஆமாம், ஆமாம், எல்லாம் தலைவரோட யோசனை" என்றார். எட்டுப் பக்கத்தையும் கோட்டுக்குள் திணித்துக்கொண்டே சொன்னார்.

"கோச், உங்க கருத்து?" என்று நிருபர் ஒனோதெராவிடம் திரும்பினார்.

"அந்த நடுவுல விழுந்த பந்து" என்றார் ஒனோதெரா. அவர் அன்று பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

மீனை வெட்டிப் பரிமாறும்போது தொமோயேவைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனேன். நடைபாதையின் கடைசியில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அது உன்னோடதுடி! உன் வலது கைப்பக்கம்!"

"அக்கா, நீங்க முன்னாடி வந்துட்டீங்க! நீங்க வந்தா நான் ஒதுங்கணும்தானே!"

"யாருடி ஒதுங்கச் சொன்னா? கத்து! 'நான்'னு கத்து! பெரியவ சின்னவன்னெல்லாம் உள்ள பாக்காத. இப்படி வருது, சரியா, இந்த உயரத்துல." தொமோயே பூங்கொத்தைக் காம்போடு பிடித்து மட்டை மாதிரி வீசிக் காட்டினாள். ரோஜா இதழ்கள் நடைபாதை முழுக்கப் பறந்தன. "நான் இங்க நிக்கறேன். நீ என்ன சொல்லணும்?"

"நான்!"

"கேக்கல."

"நான்! நான்! நான்!" என்று நொனோகா கத்தினாள். கூட்ட அறையின் கதவைத் திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"ஆங், அப்படி" என்றாள் தொமோயே. "இன்னொரு தடவ. இவா, நீ அங்க நில்லு, நீதான் நெட்."